உளிவெட்டுப் பட்ட பொற்காசுகள்: கருக்காகுறிச்சிப் புதையல் சொல்லும் நாணய வரலாறு

1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காகுறிச்சியில் ஒரு பானை நிறைய ரோமப் பொற்காசுகள் கிடைத்தன, மொத்தம் 501. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் (கி.பி. 69–79) வரையிலான பேரரசர்களின் காலத்தவை. இவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் வந்தது 1910இல்தான்.

இந்தக் காசுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் வெட்டுப்பட்டவை. பேரரசரின் தலைமேல் உளியை வைத்து ஒரே போடு போட்டிருக்கிறார்கள். யார், எதற்காக?

போலியா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. முலாம் பூசிய காசைக் கண்டுபிடிக்க விளிம்பில் ஒரு கீறல் போதும்; தேடிப்பிடித்து முகத்தில் வெட்ட வேண்டியதில்லை. உருவ வழிபாட்டை வெறுத்தவர்கள் சிதைத்தார்கள் என்பது இன்னொன்று. அப்படியானால் பேரரசர் திபேரியஸ் காசின் பின்பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண் உருவம் எப்படித் தப்பியது? பிரிட்டிஷ் அருங்காட்சியக நாணயவியலாளர் ஜி.எஃப். ஹில் சொன்ன விளக்கமே பொருந்துகிறது: தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினார்கள்.

ஹில்லின் விளக்கத்தை ஏற்றால் அதோடு இன்னொன்றையும் ஏற்றாக வேண்டும். ரோமக் காசு தமிழகத்தில் வெறும் தங்கமாகத்தான் மதிக்கப்பட்டது, தராசில் நிறுத்தே வாங்கினார்கள் என்று பலரும் எழுதிவருகிறார்கள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்ற ரோம எழுத்தாளர் பிளினியின் புலம்பல் இந்த எண்ணத்துக்கு உரமிட்டது. ஆனால் நிறுத்து வாங்கும் இடத்தில் தேய்மானம் ஒரு பொருட்டே அல்ல. குறைந்த எடைக்குக் குறைந்த விலை, அவ்வளவுதான். தேய்ந்த காசைச் செல்லாக்காசு ஆக்கவேண்டிய தேவை, காசை எண்ணி வாங்கும் இடத்தில்தான் எழும். ஆகவே, பேரரசரின் முகத்தை நம்பி எண்ணி வாங்கிய ஒரு காலம் இந்த வெட்டுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும்.

கேரளத்தில் கண்ணூருக்கு அருகே கோட்டயத்தில் 1847இல் கிடைத்த பெரும் புதையல் இதற்கு நல்ல ஒப்பீடு. அங்கே காசுகள் அச்சுக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தவைபோல் இருந்தன. இந்த வெட்டும் இல்லை. கருக்காகுறிச்சிக் காசுகளோ பல கை மாறித் தேய்ந்தவை.

பேரரசர் நீரோ கி.பி. 64இல் பொற்காசின் எடையைக் குறைத்து, ஒரு ராத்தல் தங்கத்தில் 45 காசு அடிக்கச் செய்தார். புதிய காசே இளைத்துவிட்ட பிறகு, பழையதில் எது முழு எடை, எது தேய்ந்தது என்ற கேள்வி வணிகருக்குக் கூர்மையாகியிருக்கும்.

வெட்டச் சொன்ன அதிகாரம் யாருடையது? காசில் எந்த அரசனின் முத்திரையும் இல்லை. ஊர் இருக்கும் இடமோ, சோழநாட்டுக்கும் பாண்டியநாட்டுக்கும் மரபாக எல்லை சொல்லப்படும் தென்வெள்ளாற்றுக்குச் சற்று வடக்கே. எல்லைப்பகுதியில் கிடைத்ததை வைத்து ஒரு மன்னன் பெயரை ஒட்டுவது அவசரமாகும். பெரிய வணிகக் குழு ஒன்றும் இதைச் செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

வெட்டுப்பட்டதும் படாததும் ஒரே பானையில் கிடந்தன என்பதை ஆய்வாளர்கள் போகிற போக்கில்தான் குறிப்பிடுகிறார்கள். அவற்றைப் புதைத்தவர் செல்லும் காசு, செல்லாக்காசு என்று பிரித்து வைக்கவில்லை. எண்ணி வாங்கிய காசு அவர் கைக்கு வந்தபோது நிறுத்து வாங்கும் தங்கமாகியிருந்தது.