துப்பாக்கி யாருடையது? அயலவரும் அமெரிக்கக் காவல் பணியும்

இல்லினாய் மாநில ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் 2023 ஜூலை 28 அன்று ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவரும், வேலை செய்யச் சட்டப்படி அனுமதி பெற்றவராக இருந்தால், காவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அச்சட்டம். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: கூட்டாட்சிச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உடையவராக அவர் இருக்க வேண்டும். அயலவர் அமெரிக்கரைக் கைது செய்வதா என்ற கூச்சலில் இந்த நிபந்தனையைப் பலர் கவனிக்கவில்லை. ஆனால் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வேலைத் தகுதி ஒரு சட்டத்தின் வழியாகவும் ஆயுதத் தகுதி வேறொரு சட்டத்தின் வழியாகவும் வந்தவை. இரண்டின் வரலாறும் வேறு.

ஆயுதத்தைப் பற்றிய அச்சம் பழையது. பென்சில்வேனியா மாநிலம் 1909-இல் இயற்றிய சட்டம், குடியுரிமை பெறாத அயல்நாட்டினர் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்தது. காட்டு விலங்குகளைக் காப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. தண்டிக்கப்பட்ட இத்தாலியர் ஒருவர் தொடுத்த பேட்ஸோன் வழக்கில், 1914-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ். சமப் பாதுகாப்பு 'எந்த நபருக்கும்' உரியது, குடிமக்களுக்கு மட்டுமன்று என்று சீனச் சலவைக்காரர்களின் வழக்கில் அதே நீதிமன்றம் 1886-இலேயே கூறியிருந்தது. (நம் அரசமைப்பிலும் 14-ஆம் உறுப்பு எந்த நபரையும் பேசுகிறது, அரசு வேலை பற்றிய 16-ஆம் உறுப்பு குடிமக்களை மட்டுமே பேசுகிறது. அமெரிக்க நீதிபதிகள் தீர்ப்புகளில் போராடிப் பிரித்ததை நம் அரசமைப்பை வரைந்தவர்கள் இரு சொற்களிலேயே பிரித்துவிட்டனர்.)

வேலைத் தகுதியின் கதை 1970-களில் சூடு பிடித்தது. நியூயார்க் மாநில அரசுப் பணிகளைக் குடிமக்களுக்கே ஒதுக்கிய சட்டத்தை 1973-இல் உச்ச நீதிமன்றம் சுகர்மன் வழக்கில் தகர்த்தது. ஆயினும் அரசியல் சமூகத்தின் ஆட்சியில் நேரடியாகப் பங்குபெறும் பதவிகளுக்குக் குடியுரிமை கேட்கலாம் என்று நீதிபதி பிளாக்மன் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தார். 1978-இல் அச்சாளரத்தின் வழியே காவலர் நுழைந்தார். நிரந்தர வசிப்பாளரான எட்மண்ட் ஃபோலி, நியூயார்க் மாநிலக் காவல் படைத் தேர்வுக்கு அனுமதிக்கப்படவில்லை. காவலருக்குள்ள விருப்புரிமை அதிகாரம் பெரிது, எனவே குடியுரிமை கேட்பது தகும் என்று தலைமை நீதிபதி பர்கர் எழுதினார். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஃபோலி தோற்றார்.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் என்னை நிறுத்தி வைத்தது அடுத்த வழக்குதான். கலிஃபோர்னியாவில் 1961-இல் வந்த விதி, 'பீஸ் ஆஃபீசர்' எனப்படும் அனைவரும் குடிமக்களாக இருக்க வேண்டும் என்றது. இச்சொல்லுக்கு அம்மாநிலச் சட்டம் தந்த பொருளோ விரிந்துகொண்டே போயிற்று: சுங்கச் சாவடியில் கட்டணம் வாங்குபவர், கல்லறைத் தோட்டக் காப்பாளர், மெத்தை, அறைகலன் ஆய்வாளர் எனப் பலரும் அதற்குள் அடங்கினர். சாவேஸ்-சாலிடோ என்பவர் விண்ணப்பித்ததோ ஸ்பானிய மொழி பேசும் நன்னடத்தை அலுவலர் பதவிக்கு. அந்த மொழி வேண்டும், அதைத் தாய்மொழியாக உடைய அயலவர் வேண்டாம்! 1982-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் விதியைக் காப்பாற்றியது. எதிர்த்தீர்ப்பை எழுதியவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சாளரத்தைத் திறந்த அதே பிளாக்மன். இந்தத் தீர்ப்புகள் மாநிலங்கள் குடியுரிமை கேட்கலாம் என்றனவே தவிர, கேட்டாக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான் கலிஃபோர்னியா தன் விதியைத் தானே நீக்க முடிந்தது. அம்மாற்றம் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இனித் துப்பாக்கி. சட்டத்துக்குப் புறம்பாக நாட்டில் இருப்பவர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை 1968-இல் தோன்றியது. 1997 பிப்ரவரியில், சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் ஃபுளோரிடாவில் வாங்கிய துப்பாக்கியால் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சுட்டார். அதன் பின்னணியில் 1998-இல் தற்காலிக விசாவினருக்கும் தடை நீட்டிக்கப்பட்டது. ஆனால் வேட்டை உரிமம் பெற்ற விசாக்காரருக்கு விலக்கு உண்டு. நிரந்தர வசிப்பாளர் இத்தடைகள் எவற்றிலும் சிக்குவதில்லை. எனவே அவர் காவலராவதில் ஆயுதச் சிக்கல் இல்லை.

சிக்குபவர்கள் சிறு வயதில் பெற்றோரால் அழைத்துவரப்பட்டு, அந்நாட்டிலேயே படித்து வளர்ந்தவர்கள். 2012 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்ட 'டாகா' திட்டம் அவர்களின் நாடுகடத்தலைத் தள்ளிவைத்து, வேலை அனுமதியும் தந்தது. ஆனால் குடியேற்றத் தகுதிநிலை எதையும் தான் வழங்கவில்லை என்று அந்த அறிவிப்பே கூறுகிறது. ஆகவே வேலை பார்ப்பது சட்டப்படி சரி, ஆயுதம் வைத்திருப்பது குற்றம் என்ற இரட்டை நிலை.

இதிலிருந்து வெளியேறும் வழி ஒரு விலக்குப் பிரிவில் இருக்கிறது. கூட்டாட்சி அரசின், மாநிலத்தின் அல்லது உள்ளாட்சியின் பயன்பாட்டிற்காக வழங்கப்பட்ட ஆயுதத்திற்குத் தடை பொருந்தாது என்கிறது அது. இந்த வாக்கியத்தில் மனிதரே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'அரசின் பயன்பாடு' என்ற அந்த ஆறாம் வேற்றுமைதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. விலக்கு ஆயுதத்தைச் சேர்ந்தது, ஏந்துபவரைச் சேர்ந்ததன்று. இல்லற வன்முறைக்காகச் சிறு குற்றத் தண்டனை பெற்றவர்களை மட்டும் 1996-இல் நாடாளுமன்றம் இவ்விலக்கிலிருந்து வெளியே தள்ளியது. அயலவரைத் தள்ளவில்லை. 2023-இல் கொலராடோ இயற்றிய சட்டம், 'டாகா' பெற்றவர்களைப் பணிக்கு எடுத்து அவர்களிடம் துப்பாக்கியை ஒப்படைக்கத் துறைகளுக்கு அதிகாரம் தந்தது.

நடைமுறையில் இதன் விளைவு விசித்திரமானது. காலையில் ரோந்துக்குப் புறப்படும்போது இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கி சட்டத்திற்கு உட்பட்டது. அதே வகைத் துப்பாக்கியை அவர் தம் சம்பளத்தில் வாங்கி வீட்டு அலமாரியில் வைத்தால் அவர் குற்றவாளி. பணி நேரம் கடந்தும் ஆயுதத்துடன் நடமாடக் காவலர்களுக்கு 2004-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது; ஆனால் துப்பாக்கி பெறக் கூட்டாட்சித் தடை உள்ளவருக்கு அவ்வுரிமை இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே பணி முடிந்ததும் அவர் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தாம் கைது செய்தவர்களும் வாழும் அதே தெருக்களின் வழியே வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியிருக்கலாம்.