தெரியாதவருக்குப் போட்ட கையெழுத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைகளில் உள்ள கம்பெனிகள் 2003 முதல் 2010 வரை செய்துகொண்ட இணையதளங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மேலே முகப்பு, கம்பெனி பற்றி, தயாரிப்புகள், தொடர்புக்கு என நான்கு பட்டன். அடியில், காப்பிரைட் வரிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் 'லிங்க்ஸ்' என்று ஒன்று. அதை அழுத்தினால், கட்டடக் கம்பி உருட்டும் ஆலையின் தளத்தில் கோவா ரிசார்ட், கனடாவில் வீட்டுக் கடன், மொபைல் ரிங்டோன், முடி வளர எண்ணெய், ஜெய்ப்பூர் ரத்தினக் கல் என்று பெயர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். அந்த ஜெய்ப்பூர்காரரின் தளத்தைத் திறந்தால், அங்கே ஒரு மூலையில் நம் கும்மிடிப்பூண்டி ஆலையின் பெயர் இருக்கும்.

திருவள்ளூர் ஜே.என். ரோட்டில் 1999இல் டி.டி.பி. சென்டராகத் தொடங்கி, கொஞ்ச நாளில் போர்டில் 'வெப் டிசைன்' என்றும் சேர்த்து எழுதிக்கொண்ட கடை என்னுடையது. அந்தப் பக்கங்கள் வந்ததையும் போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். முன்பின் தெரியாதவர் 30 நாள் கடனில் ஐந்து டன் சரக்கு கேட்டால், மூன்று இடத்தில் விசாரித்த பிறகே லோடு ஏற்றுகிறவர்கள் இந்தப் பேட்டை முதலாளிகள். அவர்கள் முகம் தெரியாத அத்தனை பேருக்கும் தங்கள் பெயரை எப்படித் தூக்கிக் கொடுத்தார்கள்? இந்த வரலாற்றில் நான் விடை தேடியது அதற்குத்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்து, சத்யம் இன்ஃபோவே வந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானதும் அதே காலத்தில், 1997இல்தான். நான் கடை திறந்தபோதுகூட 'செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று அச்சிட்ட லெட்டர்ஹெட்டைக் கொண்டுவந்து, "இதை மாத்திட்டு, கீழே இமெயில் ஐடியும் போட்டுடும்மா" என்பார்கள். அதுவரை ஒரு வால்வு கம்பெனியை வாங்குபவர் கண்டுபிடித்தது எல்லோ பேஜஸ் புத்தகத்தில், உற்பத்தியாளர் சங்கத்தின் கையேட்டில், இல்லாவிட்டால் கண்காட்சி ஸ்டாலில். இவை எதிலும் ஒருவர் பெயரை இன்னொருவர் தூக்கிவிட முடியாது. காசு கொடுத்தால் பெரிய கட்டம், கொடுக்காவிட்டால் ஒரு வரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இணைப்பைக் கைமாற்றும் பழக்கம் கூகுளுக்கு முந்தியது. 1996இல் அமெரிக்காவில் டோனி ஷேயும் சஞ்சய் மதனும் தொடங்கிய லிங்க் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் கணக்கு எளிமையானது: உங்கள் தளத்தில் அடுத்தவர் பேனர் இரண்டு தடவை தெரிந்தால், உங்கள் பேனர் வேறொரு தளத்தில் ஒரு தடவை தெரியும். மிச்ச இடத்தை நிறுவனம் விளம்பரதாரர்களுக்கு விற்றுக்கொள்ளும். 1998இல் மைக்ரோசாஃப்ட் இதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வியாபாரத்தில் ஒளிவுமறைவு இல்லை. பேனரைப் பார்த்து ஆள் வந்தால் லாபம், வராவிட்டால் இல்லை. பார்ப்பவரும் அது விளம்பரம் என்று தெரிந்தே பார்த்தார்.

அதே 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் பிரிஸ்பேனில் நடந்த மாநாட்டில் தங்கள் கட்டுரையை வைத்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டாக எண்ணுவது, ஓட்டுப் போட்ட பக்கத்துக்கே எத்தனை மதிப்பு என்றும் பார்ப்பது, அந்த மதிப்பை அது எத்தனை பேருக்குப் பங்கிட்டது என்றும் பார்ப்பது. இதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். விஞ்ஞானக் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்று யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே தொகுத்து வெளியிட்ட அட்டவணைகளின் வழிவந்த யோசனை இது. அடிப்படை ஒன்றே: சொல்பவருக்கு அதனால் ஆதாயம் இல்லை, அதனால் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

2000 டிசம்பரில் கூகுள் தன் டூல்பாரை வெளியிட்டது. அதில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது. திறந்திருக்கும் பக்கத்தின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று அது காட்டும். அதுவரை கூகுளின் உள்கணக்காக இருந்த ஒன்று அன்றிலிருந்து சந்தை விலையாகிவிட்டது. எங்கள் பக்கம் அது வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனது. வந்த பிறகு முதலாளிகளின் பேச்சே மாறியது. "ஏம்மா, பக்கத்து ஷெட்காரனுக்கு நாலு காட்டுது, நமக்கு ரெண்டுலயே நிக்குது. என்னதான் பண்றீங்க?" என்று போன் வரும். பட்டை நீளமானால் ஆர்டர் வருமா என்று யாரும் கேட்கவில்லை.

தினமும் வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. உங்கள் தளத்தைப் பார்த்தோம், மிகவும் தரமானது, எங்கள் பக்கத்தில் உங்கள் இணைப்பை ஏற்கெனவே போட்டுவிட்டோம், ஏழு நாளுக்குள் நீங்களும் போடாவிட்டால் எடுத்துவிடுவோம். கடையில் இதற்கென்றே ஓர் எக்செல் ஷீட் இருந்தது. எதிராளியின் தளம், அவர் பச்சைப் பட்டை எண், நாம் போட்ட தேதி, அவர் போட்ட தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி என்று ஐந்து கட்டம். வேலைக்கு இருந்த பெண் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு தளமாகத் திறந்து, 'இருக்கு' அல்லது 'எடுத்துட்டாங்க' என்று ஆறாவது கட்டத்தில் நிரப்புவாள். ஏமாற்றுக்குள் ஏமாற்றும் உண்டு. இணைப்பைப் போட்டதாகக் காட்டிவிட்டு, அந்தப் பக்கத்துக்குள் கூகுளின் ரோபோ நுழைய முடியாதபடி தடை எழுதிவைப்பார்கள். கருத்துப் பெட்டிகளில் குவியும் குப்பை இணைப்புகளை எண்ணாமல் விட 2005 ஜனவரியில் 'நோஃபாலோ' என்ற குறி வந்தபோது, அதையும் இதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நேருக்கு நேர் மாற்றினால் தெரிந்துவிடும் என்று, ஏ பி-க்குக் கொடுக்க, பி சி-க்குக் கொடுக்க, சி ஏ-க்குக் கொடுக்கிற மூன்று கை மாற்றும் வந்தது.

பழைய நாளில் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் திறக்க, அதே கிளையில் கணக்குள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் நிற்கிற இரண்டு புதியவர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டு கவுண்டரில் நீட்டினால் மேனேஜர் என்ன செய்வார்? சேர்ந்து நின்றவர்களில் ஒருவர் நேர்மையானவராகவே இருந்தாலும், இரண்டு படிவங்களையும் ஒன்றாகத்தான் ஒதுக்கிவைப்பார். தேடுபொறியும் கடைசியில் அதைத்தான் செய்தது.

அதற்கு அடையாளம் 2002இலேயே தெரிந்தது. ஓக்லஹோமாவில் சர்ச்கிங் என்ற நிறுவனம் பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களில் விளம்பர இணைப்பு வாங்கித் தரும் தொழில் நடத்தியது. அதன் எண்ணைக் கூகுள் கீழே இறக்கியதும் வழக்குப் போட்டது. 2003இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு தளத்துக்கு என்ன மதிப்பு என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சொல்ல அதற்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். 2005 கடைசியில் 'ஜாகர்' என்று தொழிலில் இருந்தவர்கள் பெயர் வைத்த மாற்றம் வந்தது. 2006 மே மாதம், கூகுளில் குப்பைத் தளங்களை ஒடுக்கும் குழுவின் தலைவர் மாட் கட்ஸ் வெளிப்படையாகவே எழுதினார்: சில தளங்களின் பக்கங்களைக் கூகுள் எடுத்துக்கொள்ளாததற்கு, உள்ளே வரும் அல்லது வெளியே போகும் இணைப்புகள் மீது நம்பிக்கை இல்லாததே காரணம். அளவுமீறிய பரஸ்பர இணைப்பையும் மோசமான தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பதையும் அதற்கு உதாரணமாகச் சொன்னார். இங்கே யார் காதிலும் அது விழவில்லை. பட்டை நான்கில்தானே நிற்கிறது!

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஜே.சி. பென்னி கடைகளின் கதையை வெளியிட்டது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து விலைக்கு வாங்கிய இணைப்புகளால், பல பொருள்களுக்குத் தேடலில் முதலிடம் பிடித்திருந்த நிறுவனம் அது. கூகுள் கைவைத்த இரண்டு மணி நேரத்தில், ஒரு பெட்டி வகைக்கான தேடலில் முதலிடத்திலிருந்து 71ஆம் இடத்துக்குப் போனது. பெரிய கடைக்காரருக்கு அது ஒரு சீசன் நஷ்டம். சின்னவர்கள் முறை 2012 ஏப்ரல் 24 அன்று வந்தது. 'பெங்குவின்' என்ற அந்த மாற்றம் ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தைத் தொட்டது என்று கூகுளே சொன்னது.

காக்களூரில் எனக்குத் தெரிந்த ஒரு வால்வு தயாரிப்பாளருக்கு அந்த மே மாதம் விசாரணை மெயில் வருவது நின்றது. அவர் தளத்துக்கு இணைப்பு வேலையை மாதக் கட்டணத்துக்குப் பார்த்தது சென்னையில் ஓர் ஏஜென்சி. கேட்டபோது, "அல்காரிதம் சார், எல்லாருக்கும்தான்" என்று முடித்துக்கொண்டார்கள். பிறகு அவர் ஏஜென்சியின் இணைப்பு ஷீட்டை என்னிடம் கொண்டுவந்தார். இணைப்பை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினோம். பாதிப் பேர் பதிலே போடவில்லை. சிலர் எடுப்பதற்குப் பணம் கேட்டார்கள். அந்த அக்டோபரில் கூகுள் 'டிஸ்அவோ' கருவியைக் கொடுத்தது. இவர்களோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்று, வரிக்கு ஒரு தளமாக டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து அவர் கேட்டார், "இவங்கள்லாம் யாரும்மா? நான் யாருக்கிட்ட போய் நியாயம் கேக்கறது?"

கேட்க இடமில்லை. கூகுள் மேல் இந்தியாவில் எழுந்த பெரிய புகார்களில் ஒன்று சென்னையிலிருந்தே போனது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம் 2012இல் போட்டி ஆணையத்திடம் போனது. 2018 பிப்ரவரியில் ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அது தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சேவைகளுக்குச் சலுகை காட்டியதற்காக. ஒரு வால்வு கம்பெனி ஏன் ஐந்தாம் பக்கத்துக்குப் போனது என்று அங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

தண்டனையைவிட மெதுவாக வந்த ஆபத்து இன்னொன்று. இணைப்புக் கொடுத்த தளம் எப்போதும் அதே தளமாக இருப்பதில்லை. எதிராளி டொமைன் பணம் கட்டாமல் விட்டால், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய இணைப்புகள் மிச்சமிருப்பதாலேயே வாங்குகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றின் பழைய லிங்க்ஸ் பக்கத்தை வரிசையாக அழுத்திப் பார்த்தேன். வேலைவாய்ப்புத் தளமாக இருந்தது சூதாட்டமாக மாறியிருந்தது. ஆயுர்வேதக் கடை இருந்த இடத்தில் போலி மாத்திரை. மேலே ஆலையின் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், அடியில் இவர்கள். வெண்டர் பதிவுக்கு வருகிற ஒருவர் அடிவரை உருட்டிப் பார்த்தால் போதும்.

இதனால் இரண்டு கம்பெனிகள் ஒருவருக்கொருவர் இணைப்புக் கொடுத்தாலே குற்றம் என்று ஆகிவிடாது. உருட்டாலைக்கு ரோல் வார்த்துக் கொடுக்கும் பட்டறை தன் வாடிக்கையாளர் பட்டியலில் ஆலையைப் போடும். ஆலையும் சப்ளையர் பக்கத்தில் பட்டறையைச் சொல்லும். கும்மிடிப்பூண்டி மாதிரி ஒரே வேலிக்குள் வாங்குபவரும் விற்பவரும் இருக்கிற இடத்தில் அது இயல்பு. கூகுளின் விதி குறிவைப்பது அளவுமீறிய கைமாற்றையும், அதற்காகவே செய்த பார்ட்னர் பக்கங்களையும்தான்.

2016இல் பெங்குவின் கூகுளின் மைய முறையிலேயே கலந்தது. அதன் பிறகு அது பெரும்பாலும் தளத்தைக் கீழே தள்ளுவதில்லை, குப்பை இணைப்பை எண்ணாமல் விட்டுவிடுகிறது. பச்சைப் பட்டையும் அதே ஆண்டு மறைந்தது. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற இயந்திரக் கண்ணும் இணைப்புகள் மேல் வந்தது. இருந்தும் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாற்று நடக்கிறது. கூகுளின் எண் போனதும் வேறு கம்பெனிகள் வெளியிடும் மதிப்பெண்களை வைத்துப் பேரம் பேசுகிறார்கள். 2012இல் அடி விழுந்தாவது தெரிந்தது. இப்போது மாதம் தவறாமல் பணம் போகும், எதுவும் எண்ணப்படாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

லிங்க் கேட்டு வருகிற முதலாளிகளுக்கு நான் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுவது வழக்கம். சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் தளத்தில் இருக்கும் எடை அட்டவணை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி 0.395, 12 மி.மீ. 0.889, 16 மி.மீ. 1.58. சைட் இன்ஜினீயர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், வீடு கட்டுகிறவர்கள் என்று பலர் தாங்களாகவே தங்கள் பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆலை அவர்கள் யாருக்கும் பதிலுக்கு எதுவும் செய்யவில்லை. பெங்குவின் வந்த ஆண்டிலும் அந்தப் பக்கம் இருந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. "உங்க கஸ்டமர் தினமும் உங்ககிட்ட போன் போட்டுக் கேக்கற கணக்கு எது சார்?" என்று கேட்பேன். அதைச் சொல்ல முடிந்தவருக்கு லிங்க் வேலைக்கு என்னிடம் கொடுக்கும் பணம் மிச்சம்.