வேட்டை நாய் எவ்வளவு தூரம் போகலாம்?

ஐரோப்பாவில் வேட்டை நாய் வளர்ப்பவர்களிடையே தீராத பஞ்சாயத்து ஒன்று உண்டு. பாயிண்டர், செட்டர் மாதிரியான நாய்கள் ஆளை விட்டு எவ்வளவு தூரம் முன்னே போய்த் தேடலாம்? ஐம்பது மீட்டரா, முந்நூறு மீட்டரா? கேட்க அற்பமான கேள்விதான். ஆனால் இதையே எங்கள் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் வைத்துக் கேட்டால், சங்க காலத்திலிருந்து நேற்றைய செய்தித்தாள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் இந்த நாய்கள் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் நாய் முயலைப் பார்த்தால் துரத்தும். பாயிண்டர் துரத்தாது. பறவையின் வாடை மூக்கில் பட்டதும் அப்படியே உறைந்து நிற்கும். மூக்கு பறவை இருக்கும் திசையில், வால் விறைப்பாக, பல சமயம் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி. பறவையும் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று புதருக்குள் பதுங்கிக் கிடக்கும். இரண்டும் அசையாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஆள் வந்து சேர்ந்தாக வேண்டும்.

இந்தப் பழக்கம் துப்பாக்கிக்காக உண்டானது என்றுதான் பலரும் நினைப்பார்கள். இல்லை, வலைக்காக. பிரெஞ்சுப் பிரபு கஸ்தோன் ஃபெபுஸ் 1387-இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலிலேயே, கவுதாரியையும் காடையையும் கண்டால் படுத்துக்கொள்ளப் பழக்கிய நாய்கள் வருகின்றன. நாய் படுத்ததும் ஆட்கள் வலையை இழுத்து வந்து மேலே போட்டு மூடுவார்கள், சில சமயம் நாயையும் சேர்த்தே! செட்டர் என்ற பெயரே இப்படிப் படுத்துக் காட்டுவதிலிருந்து வந்ததுதான். துப்பாக்கி பிறகு வந்தது. சிதறுகுண்டுத் துப்பாக்கியால் பறவையை விழவைக்க 35, 40 மீட்டருக்குள் நெருங்க வேண்டும். ஆக வலையோ துப்பாக்கியோ, நாயின் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை நாயின் காலில் இல்லை, பின்னால் வரும் ஆளிடம் இருக்கிறது.

தொழில் புத்தி சும்மா விடாதே, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நாய்கள் நேராக ஓடாது. எதிர்காற்றில் இடமும் வலமுமாக, உழவுசால் மாதிரி குறுக்கே ஓடித் தேடும். ஆள் நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறார், நாய் நொடிக்கு ஆறு மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 150 மீட்டர் போனால் ஒரு குறுக்கு ஓட்டம் 300 மீட்டர், அதற்கு 50 நொடி. அதற்குள் ஆள் 50 மீட்டர் முன்னே வந்திருப்பார். குளிர்ந்த, ஈரமான காலையில் நாய்க்கு 50 மீட்டர் தள்ளியிருக்கும் வாடை கிடைக்கும் என்றால் பிரச்சினை இல்லை, ஒரு பறவையும் தப்பாது. வெயில் ஏறித் தரை காய்ந்து வாடை 15 மீட்டராகச் சுருங்கினால்? ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் நடுவே 35 மீட்டர் மண் தேடப்படாமலே கிடக்கும். அதைச் சரிக்கட்ட நாய் 15 நொடிக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். அதாவது பக்கத்துக்கு 45 மீட்டர்தான். அதே நாய், அதே ஆள். காலை ஆறு மணிக்கு 150, பத்து மணிக்கு 45. எண்கள் என் அனுமானம்தான், ஆனால் விகிதம் மாறாது.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் புதர்வெளியில், குளிரில், கண்ணுக்கு எட்டும் வரை மறைப்பில்லாத இடத்தில் நாய் பல நூறு மீட்டர் போவது ஏன் சரி என்பது இப்போது புரியும். எங்கள் பக்கத்துக்கு வாருங்கள்.

1995 வரை இதெல்லாம் ஒன்றாகத் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் பிரிந்தது அந்த வருடம். அரியலூர் 2001-இல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007-இல் நிரந்தரமாகத் தனியானது. எல்லைக்கோட்டை நிர்வாகம் எத்தனை முறை மாற்றினாலும் மண் தன் கோட்டை மாற்றவில்லை. குன்னம், வேப்பந்தட்டைப் பக்கம் கரிசல். இன்று மக்காச்சோளமும் பருத்தியும், முன்பு சோளமும் வரகும். அறுவடை முடிந்த கரிசல் திறந்த வெளி, நாய் எங்கே போனாலும் தெரியும். அதே வயலில் சோளம் ஆளுயரம் நிற்கும்போது பத்தடியில் நாயைக் காணோம். காரைப் பக்கம் போனால் கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் களிமண்ணை மழை அரித்து அரித்து ஓடைகளாக்கி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த இடம், கிளிஞ்சல் படிவங்கள் இன்றும் கிடைக்கும். அங்கே இருபது மீட்டர் தள்ளி நாய் உறைந்து நின்றாலும் ஓடைக்குள் இறங்கினால்தான் தெரியும். மேற்கே பச்சைமலைச் சரிவு முழுக்க முட்புதர். கிழக்கே செந்துறை, ஆண்டிமடம் வரை செம்மண்ணும் முந்திரியும்.

இதோடு நம்ம கவுதாரியின் குணத்தையும் சேர்க்க வேண்டும். அது பதுங்கிக் கிடப்பதைவிட ஓடுவதையே விரும்பும். தரையோடு தரையாக, புதருக்குப் புதர். நாய் 250 மீட்டருக்கு அப்பால் நின்று காட்டுகிறது, ஆள் முள்ளை விலக்கி வேகவேகமாக நடந்தே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேரும்போது நாய் இருக்கும், கவுதாரி இருக்காது.

அப்படியானால் இந்த மாதிரி நிலத்தில் நம்மவர்கள் நாயை எப்படிப் பயன்படுத்தினார்கள்? நல்ல சாட்சி பெரும்பாணாற்றுப்படை. உருத்திரங்கண்ணனார் காஞ்சியின் இளந்திரையனைப் பாடியது. போகும் வழியில் வறண்ட காட்டு எயினர் குடியிருப்பு வருகிறது. இரவில் நீர்க்குழி ஓரம் பள்ளத்துக்குள் ஒளிந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பார்கள். அது வாய்க்காவிட்டால் பகலில் நாய்களோடு முயல் வேட்டை. இங்கே கவனிக்க வேண்டியது வேலைப் பங்கீடு. நாய்கள் புதரைக் கலைக்கின்றன, வலைகள் வேலி மாதிரி சுற்றிலும் கட்டப்பட்டிருக்கின்றன, முயல் தப்ப வழியில்லாமல் வளைக்கப்படுகிறது. அதாவது நாயின் எல்லை வலையின் எல்லைதான். முட்புதர்க் காட்டில் நாயைத் தூரம் விட்டுக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், தூரம் என்ற கேள்வியையே வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். அதே பகுதியில் குடிசை முன் விளாமரத்தில் கட்டிய பார்வை மானும் வருகிறது, மற்ற மான்களை வரவழைக்க. தேடிப் போவதற்குப் பதில் வரவைப்பது. எனக்கு இது ஐரோப்பியப் பஞ்சாயத்தைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

தெற்கே விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் விடை வேறு. அங்கே கன்னி, சிப்பிப்பாறை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, மூக்கைவிடக் கண்ணை நம்பும் நாய்கள். முயல் கண்ணில் படும் வரைக்கும் ஓடலாம், அதுதான் ரேஞ்ச். பொட்டல் வெளி என்பதால் அது கிலோமீட்டர் கணக்கில் போனாலும் ஆள் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். ஊட்டியில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஃபாக்ஸ்ஹவுண்டு நாய்களை வைத்து நரி வேட்டை ஆடினார்கள். மைல் கணக்கில் துரத்தல். ஆள் குதிரையில் வந்ததால் அது நடந்தது. குதிரையிலிருந்து இறங்கினால் அந்த விளையாட்டே இல்லை.

இன்னொரு கோடியில் கோவிவன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அதில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயரோடு. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. நகராமல் நின்றதற்காகவே 1400 வருடமாகப் பெயர் நிற்கும் நாய். எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுபவர்கள் கூட இருக்கும் நாய்கள் இந்த வகைதான். கிடையை விட்டு விலகிப் போகும் நாயை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேட்டை இப்போது கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிறகு 1991 திருத்தம், இரண்டும் சேர்ந்து கதவைச் சாத்திவிட்டன. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமல்ல. துரத்துவதும் கண்ணி வைப்பதும் விரட்டிக் கொண்டுவருவதும் வேட்டைதான். எனவே நாயை முயல்மேல் ஏவினாலே குற்றம். சரியான சட்டம்தான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சட்டம் ஆளைத்தான் நிறுத்தியது, நாயை இல்லை.

கோடையில் பெரம்பலூர்ப் பதிப்பைப் புரட்டினால் தெரியும். வெண்பாவூர், சித்தளிக் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. குட்டைகள் வற்றியதும் தண்ணீர் தேடி வயல்பக்கம் வரும். கூட்டமாகத் திரியும் தெருநாய்கள் விரட்டும். பின்னால் வலையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, கூப்பிட ஒரு குரலும் இல்லை. எவ்வளவு தூரம் என்று அந்த நாய்களுக்குச் சொல்ல யாரும் இல்லாததால், மான் களைத்து விழும் வரை போகின்றன. அல்லது கரிசல் காட்டில், தரையோடு தரையாகச் சுற்றுச்சுவர் இல்லாமல் வாய் திறந்து கிடக்கும் ஏதாவது ஒரு பழைய கிணறு வரை.