சாயவேரும் இம்பூறலும்

சிலாபம் என்றதும் முத்துக்குளிப்பை நினைப்போர் பலர். ஊரின் பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லிலிருந்து வந்ததென்று கூறுவோரும் உளர். ஆனால் கடலில் முத்தெடுத்த அக்காலத்திலே, நமக்கு வடக்கே மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலைக் குத்தி மற்றொரு பொருளையும் எடுத்தனர். அதுவே சாயவேர்.

வறண்ட கரையோர மணலில் வளரும் சிறு பூண்டு இது. ஒடுங்கிய இலை, வெண்ணிறச் சிறு பூ. புல்லென்று எண்ணி மிதித்துப் போய்விடலாம். செல்வம் வேரின் தோலில் இருந்தது. படிகாரம் ஊட்டிய பருத்தித் துணியை இவ்வேருடன் காய்ச்சினால் நல்ல செந்நிறம் பற்றும். செந்துருக்கம் என்னும் குசும்பாப் பூவின் சிவப்பு அழகியதே. ஆயினும் வெயிலிலும் சலவையிலும் மங்கும். சாயவேர்ச் சிவப்பு நிலைத்து நிற்கும். சோழமண்டலக் கரைத் துணிகள் ஐரோப்பாவிற் பெயர் பெற்றதற்கு இந்த உறுதியும் ஒரு காரணமாம்.

ஒல்லாந்தர் இதனை விட்டுவைப்பாரா? கும்பனிக்கு வேர் குத்திக் கொடுப்பது சிலருக்குக் கடமையாயிற்று. யாழ்ப்பாணத்தில் அதிகாரஞ் செலுத்திய சுவார்டகிரோன் 1697இல் எழுதிவைத்த குறிப்பிலும் சாயவேர் இடம் பெறுகின்றது. முத்துக் குளித்தவரைப் பற்றிப் பேசும் நாம், வேர் குத்தியவரை மறந்தே போனோம்.

1868இல் ஜெர்மனியரான கிரேபே, லீபர்மான் இருவரும் இவ்வேரின் செந்நிறத்துக்கு மூலமான அலிசாரினை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். நிலக்கரித் தாரிலிருந்து மலிவாக வந்த அப்பொருளின் முன், ஐரோப்பாவில் பயிரான மஞ்சிட்டி இனமே நிலைக்கவில்லை. மணலில் வேர் தேடுவோருக்கு என்ன வழி?

சாயம் போயிற்று, மருந்து போகவில்லை. சித்த வைத்தியர் இம்பூறல் என்று வழங்குவது இச்செடியையே. இளைப்புக்கும், இருமலில் இரத்தம் கக்குவதற்கும் இதனைக் கொடுப்பர். இம்பூறல் வடகம் இன்றும் செய்யப்படுகின்றது. வேர் சிவந்திருப்பது கண்டுதான் இரத்த நோய்க்குத் துணிந்தனரோ என்ற ஐயம் நமக்குண்டு. சீனரும் சிவந்த குசும்பாப் பூவையே இரத்தம் தேங்கும் நோய்களுக்கு வழங்குகின்றனர். ஆனால் அவர்கள் அப்பூவிலுள்ள மஞ்சட் பொருள்களைத் தனியே பிரித்து, நோயாளரிடத்தும் சோதித்தனர். இம்பூறலை எலிகளிடத்துச் சோதித்து இருமல் தணிவதைக் கண்டோர் உளர். அது மாத்திரம் போதாது.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படும்வரை காசநோய்க் கிருமியைக் குணப்பட வெல்லும் மருந்து உலகில் எங்குமில்லை. சளியில் இரத்தங் கண்ட வீட்டாருக்கு இம்பூறலே ஆறுதல். இன்று அரசாங்க வைத்தியசாலையில் சளியைப் பரிசோதித்து மருந்து தருகின்றனர். ஆகையால் இரத்தங் கண்டவர் முதலில் அங்கே செல்க. வடகம் பிறகு பார்க்கலாம்.