‘உயர்தர’ என்கிற சொல்: சென்னை ஓட்டல்களும் நம் நாக்கும்



நினைவுப் பேருரைக்கு ஓட்டல் சாப்பாட்டைத் தலைப்பாக எடுத்திருக்கிறீர்களே என்று அமைப்புக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். நிலம், இடஒதுக்கீடு, ஆணவக்கொலை என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில், கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் போவதை மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாகத் தடுக்கக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. கிணறும் குளமும் சாலையும் அதற்கு அடுத்த வரியில்தான் வருகின்றன. அரசமைப்பு அவையில் ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தபோது, காசு கொடுத்தால் சேவை தருகிற எல்லா இடத்தையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்று பாபாசாகேப் விளக்கினார். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் ஓட்டல் மேசையைப் பற்றிப் பேச வேண்டி வந்ததென்றால், அந்த மேசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

எங்கள் நண்பர்கள் ஐந்தாறு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஏதாவது ஒரு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு, அதைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் சில ஆண்டுகளாக உண்டு. தொடக்கத்தில் எல்லோரும் எழுதுவதைப் போலத்தான் நாங்களும் எழுதினோம். சாம்பார் தண்ணீர், பிரியாணியில் கறி குறைவு, சர்வர் சிடுசிடுப்பு. கொஞ்ச நாளில் நோட்டில் வேறு பத்திகள் சேர்ந்தன. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது, மேசையைத் துடைப்பவர் யார், கழிப்பறையைக் கழுவுகிறவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார். யாரிடமும் நாங்கள் சாதி கேட்டதில்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று பேச்சு போகும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்தப் பத்திகள்தான் எங்களைப் பழைய கதைக்குக் கொண்டுபோயின.

சென்னையின் சாப்பாட்டைப் பற்றி விரிவாக விமர்சனம் எழுதிய ஆரம்பகாலத்தவர்களில் ஒருவர் வெள்ளைக்கார ராணுவ அதிகாரியான கென்னி ஹெர்பர்ட். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் சென்னைப் பத்திரிகையில் எழுதி, 1878இல் ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்று புத்தகமாகப் போட்டார். வெண்ணெய் எப்படி இருக்க வேண்டும், சூப்பை எப்படி வடிகட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் நுணுக்கமாகச் சொல்வார். அந்தப் புத்தகத்தில் சமையற்காரருக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. எந்த பங்களாவின் அடுப்படியில் நின்றாலும், பெற்றவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் அவர் ராமசாமி. ருசித்தவருக்குப் புனைபெயர்கூட இருக்கிறது, சமைத்தவருக்குச் சொந்தப் பெயரே இல்லை.

அந்த ராமசாமிகள் யார்? மாடும் பன்றியும் வேகிற அடுப்படிக்குள் போகச் சாதி இந்துக்கள் தயங்கினார்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் பட்லராகவும் சமையற்காரராகவும் போனவர்களில் கணிசமானவர்கள் நம் மக்கள். நம் தாத்தாக்கள் ரோஸ்ட்டும் புட்டிங்கும் செய்யக் கற்றார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் தம் பாட்டனார்தான் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். அடுப்படியில் நின்ற கையில் குறள் சுவடியும் இருந்தது. அந்தக் கையின் பேரன் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று இன்றும் கேலி பேசுகிறவர்களுக்கு இதை யாராவது நினைவூட்டினால் நல்லது.

துரை வீட்டு மேசைக்கு ஆறு வகை சமைத்து அனுப்பியவர், சம்பளத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நகரத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. சென்னையில் ஓட்டல் என்கிற நிறுவனம் வளர்ந்ததே இந்த முரண்பாட்டின் மேல்தான். வெளியூரிலிருந்து வேலைக்கும் கோர்ட்டுக்கும் படிப்புக்கும் வந்தவர்கள், ‘யார் கைபட்டதோ’ என்று அஞ்சாமல் சாப்பிட ஒரு இடம் வேண்டியிருந்தது. ‘பிராமணாள்’ என்று பலகையில் எழுதியது விளம்பரம் மட்டுமில்லை. சமைத்தவர் சாதிக்கு அது உத்தரவாதம். பல ஓட்டல்களில் பிராமணர்களுக்கு உள்ளே தனி இடம், மற்றவர்களுக்கு வெளியே ஒரு கூடம் என்று பிரிவினை இருந்தது. அந்த வெளிக் கூடத்துக்கும் வெளியே நின்றவர்கள் நாம். பஞ்சமருக்கும் பெருநோயாளிக்கும் நாய்க்கும் அனுமதி இல்லை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள் என நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

1924இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக் கட்டடங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஆனால் தனியார் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஒருவரை உட்கார வைக்க அந்தத் தீர்மானத்தால் முடியவில்லை. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. அதே 1938இல், பண்டிதர் இதழ் நடத்திய அதே இராயப்பேட்டையில், உடுப்பி கிருஷ்ணராவ் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். சமையற்கட்டில் எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. எடுபிடியாக நுழையவே ஒரு சாதி தேவைப்பட்ட சமையற்கட்டு அது என்பதை மட்டும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏழ்மை இருவருக்கும் பொது. அவருக்குத் திறந்த கதவு, ரோஸ்ட் செய்யத் தெரிந்த நம் பட்லருக்குத் திறக்கவில்லை.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த பிராமணர், பிராமணரல்லாதார் பிரிவினை சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து போராடியதால் 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வரை அது நீண்டது. நாள்தோறும் தொண்டர்கள் போய்க் கைதானார்கள். கைதானவர்கள் பல நூறு பேர். கடைசியில் அந்தச் சொல் போனது. அந்தப் போராட்டத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பலகையில் ‘பிராமணாள்’ இருந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று பாருங்கள். ‘உயர்தர சைவ உணவகம்.’ சாதிப் பெயர் இறங்கியது, ‘உயர்தர’ ஏறியது. சமைத்தவர் யார் என்பதற்குப் பதிலாக, சமைக்கப்பட்டது எது என்பது இப்போது உத்தரவாதம் ஆனது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் ‘உயர்தர அசைவம்’ என்ற பலகையைத் தேடிப் பாருங்கள். அசைவத்துக்கு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று பெயர் வைத்தார்கள். தெருவோர வண்டிக் கடைக்குக் ‘கையேந்தி பவன்’. அந்தப் ‘பவன்’கூட மேலே இருப்பவரிடமிருந்து கடன் வாங்கியதுதான்.

1944 செப்டம்பரில் சென்னை வந்த அம்பேத்கருக்குக் கன்னிமாரா ஓட்டலில் மதிய விருந்து கொடுத்தார்கள். நீதிக்கட்சி ஏன் தோற்றது என்பதைப் பற்றி அந்த விருந்தில்தான் பேசினார். பிராமணரைத் திட்டிக்கொண்டே பிராமணியத்தைத் தாம் எட்ட வேண்டிய உயரமாக வைத்துக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஓட்டல் பலகைகளைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரும்.

1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. ஓட்டலுக்குள் நுழைவதைத் தடுப்பது மட்டுமல்ல, பொதுமக்களுக்காக அங்கே வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. சட்டம் எழுதியவர்களுக்குத் தம்ளரைப் பற்றித் தெரிந்திருந்தது. இரட்டைத் தம்ளர் முறை அதற்குப் பிறகும் ஊர்களில் நீடித்ததையும், அதை எதிர்த்து நடந்த போராட்டங்களையும் இந்த அரங்கில் பலரும் நேரில் பார்த்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் வந்தபோது சில டீக்கடைகளில் அந்தக் கப்பே இரண்டாவது தம்ளராக மாறியது.

நகரத்துக்கு வருவோம். இன்றைக்கு விமர்சனம் எழுதாதவர் யார்? சாப்பிட்டு முடித்துக் கைகழுவுவதற்குள் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் அவற்றை நிறையப் படிக்கிறோம். ‘க்ரவுட் சரியில்லை’, ‘லோக்கல் ஏரியா’, ‘ஃபேமிலியோடு போகிற இடமில்லை’, ‘ஹைஜீன் சுமார்’. இந்தச் சொற்களில் எது தட்டைப் பற்றியது, எது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றியது? அழுக்கான சமையற்கட்டை அழுக்கு என்று சொல்லத்தான் வேண்டும். எங்கள் நோட்டிலும் அப்படி எழுதியிருக்கிறோம். ஆனால் சமையற்கட்டை எட்டிக்கூடப் பார்க்காமல், கடை இருக்கும் தெருவின் பெயரை வைத்தே அழுக்கு முடிவாகிவிடுகிறது.

மாட்டிறைச்சியை எடுத்துக்கொள்வோம். நட்சத்திர ஓட்டலில் ‘டெண்டர்லாயின் ஸ்டேக்’ என்று வந்தால் விமர்சகர் அதன் நடுவில் சிவப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு பத்தி எழுதுகிறார். மலையாள மெஸ்ஸில் தேங்காய்ச் சில்லு போட்ட பீஃப் ஃப்ரை வந்தால், கேரளத்தின் பண்பாடு என்று பாராட்டுகிறார். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் சாயங்காலம் தள்ளுவண்டியில் அதே இறைச்சி, மிளகாயும் பூண்டும் போட்டுச் சட்டியில் சிவக்கிறது. நின்றுகொண்டே சாப்பிடுகிற கூட்டம் தெருவை அடைக்கிறது. அதைப் பற்றி யாராவது எழுதினால் ‘துணிச்சலான உணவுப் பயணம்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். நம் தெருவுக்கு வந்து சாப்பிட என்ன துணிச்சல் வேண்டியிருக்கிறது?

குடல், ரத்தப் பொரியல், சுவரொட்டி, உப்புக்கண்டம் எல்லாம் இப்போது குளிர்சாதன அறைக்குள் ‘கிராமத்து விருந்து’ என்று வந்துவிட்டன. வரட்டும். மண்பானையும் வாழையிலையும் போட்டு, நம் அம்மாக்கள் வறுமையில் கண்டுபிடித்த சமையலை விலைப்பட்டியலில் ஏற்றுகிறார்கள். ஆனால் ஏறும்போது மாடு ஆடாக மாறிவிடுகிறது. குடல் ஆட்டுக்குடல்தான், உப்புக்கண்டம் ஆட்டு உப்புக்கண்டம்தான். உணவு உள்ளே போகலாம், அது யாருடையது என்ற அடையாளம் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட வேண்டும்.

இது ஓட்டல் முதலாளிகளின் கணக்கு மட்டுமல்ல, அரசுக்கும் இந்தக் கூச்சம் உண்டு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில், மாட்டிறைச்சி பிரியாணி இல்லாமல்! எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டிறைச்சியை விலக்கியது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. 2024 மார்ச்சில் ஜொமாட்டோ நிறுவனம் ‘சுத்த சைவ’ வாடிக்கையாளருக்கென்று பச்சைச் சட்டை போட்ட தனி விநியோகப் படையை அறிவித்தது. சிவப்புச் சட்டைக்காரரைச் சில குடியிருப்புகளில் உள்ளே விடமாட்டார்கள் என்ற கண்டனம் வந்ததும், மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. ஒரு நாள்தான் என்றாலும், முன்பு பலகையில் இருந்தது தொழிலாளியின் முதுகில் ஏறப் பார்த்த நாள் அது.

சமைக்கும் கையின் கதையும் முடியவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டு பள்ளியை மறித்தார்கள். அந்த அம்மா பின்வாங்கவில்லை. அதே பள்ளியில் சமைத்தார், வழக்கும் பதிவானது. அந்தச் சமையலுக்கு நட்சத்திரம் போட யாரும் போகவில்லை.

எங்கள் நோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். மவுண்ட் ரோடு புகாரி 1951இல் தொடங்கியது. நம் பெரியவர்கள் பலருக்குச் சென்னையில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட நினைவு ஏதாவது ஒரு பாய் கடையோடுதான் இருக்கிறது. தெருமுனையில் இரண்டு பெஞ்சு போட்ட சின்னக் கடைகள் அவை. பெரும்பாலானவை இன்று இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஓட்டல் வரலாறு எழுதுகிறவர்கள் மசால் தோசை எங்கிருந்து வந்தது, டிகிரி காப்பிக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஆராய்கிறார்கள். அந்தப் பெஞ்சுகளின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும். எழுபது வயது தாண்டியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு வருகிறோம். சென்னையில் முதலில் எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், அந்தக் கடை ஏன் ஞாபகத்தில் இருக்கிறது. ருசியைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பாயா, ஆப்பம், கறிக்குழம்பு ஊற்றிய பரோட்டா. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு பெரியவர் மூன்றாவது கேள்விக்கு ருசியைச் சொல்லவில்லை. மற்ற கடைகளில் காசை மேசைமேல் வைக்கச் சொல்வார்கள், அந்தக் கல்லாவில் இருந்த பாய் கையை நீட்டி வாங்கிக்கொண்டார் என்றார். மீதிச் சில்லறையையும் கையிலேயே கொடுத்தாராம்.