எதிர்விசைக்கு ஓர் இடம்: பற்சீரமைப்பில் சிறு திருகின் வரலாறும் கொங்கு நாடும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் ‘பல்லுக்குக் கிளிப் போடுவது’ என்று மக்கள் வழங்கும் பற்சீரமைப்பு மருத்துவம் அழகு சார்ந்த சிகிச்சையாகவே பெரும்பாலும் பார்க்கப்பட்டாலும், அதன் அடிப்படை விசையியலில்தான் இருக்கிறது. எடுப்பாக உள்ள முன்பற்களை உள்ளே இழுக்க வேண்டுமானால் அந்த இழுவிசையை வாயில் எங்காவது ஊன்றியாக வேண்டும். ஊன்றிய இடத்தின்மீது, நியூட்டன் 1687-இல் வகுத்த மூன்றாம் விதியின்படி, அதே அளவு விசை எதிர்த்திசையில் செயல்படும். இந்த எதிர்விசையைத் தாங்கும் பிடிமானத்தை மருத்துவர்கள் ‘ஆங்கரேஜ்’ என்கிறார்கள். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அது பல்லிலிருந்து தலைக்கும், தலையிலிருந்து தாடை எலும்புக்கும் இடம் மாறியது. எந்தக் கட்டத்திலும் எதிர்விசை மறைந்துவிடவில்லை, அதைச் சுமக்கும் இடம் மாறியது, அதனுடன் பொறுப்பும் கைமாறியது.

பல்லின் வேர் எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலமுள்ள இழைநார்ப் படலம் ஒன்று இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாகத் தொடர்ந்து அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைவதையும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு உருவாவதையும் நாய்களில் செய்த ஆய்வின் மூலம் ஸ்வீடன் நாட்டின் கார்ல் சாண்ட்ஸ்டெட் காட்டினார். அவருடைய முடிவுகள் 1904-இல் வெளியாயின. விசை கூடக்கூடப் பல் விரைவாக நகரும் என்ற எண்ணத்துக்கு மாறாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரையிலான, நுண்குழாய்களின் இரத்த அழுத்தத்தை ஒத்த விசையே உகந்தது என்று ஷ்வார்ஸ் 1932-இல் எழுதினார். அதை மிஞ்சினால் படலத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டு, திசு மடிந்து, நகர்வு தேங்கிவிடும். ஊன்றுகோலாகப் பயன்படும் கடைவாய்ப்பல்லைச் சுற்றியும் இதே படலம் இருப்பதால், இழுக்கப்படும் பல்லைப் போலவே இழுக்கும் பல்லும் இடம் பெயரும் என்பதே பழைய முறைகளின் நீங்காத சிக்கலாக இருந்தது.

தென்னிந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் முன்தள்ளிய அமைப்பில் இச்சிக்கல் மிகத் தெளிவாகத் தெரியும். இதற்கு வழக்கமாக நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமும் கிடைக்கும் சுமார் 7 மில்லிமீட்டர் இடத்துக்குள் முன்பற்கள் ஆறையும் பின்னிழுப்பார்கள். ஆனால் அந்த இடத்தில் மூன்றிலொரு பங்கைக் கடைவாய்ப்பல் முன்னே வந்து பிடித்துக்கொண்டால், முகத்தோற்றத்தில் எதிர்பார்த்த மாற்றம் கிடைக்காது. இதைத் தடுக்க 19-ஆம் நூற்றாண்டிலேயே நார்மன் கிங்ஸ்லி போன்றோர் பிடிமானத்தை வாய்க்கு வெளியே, தலையின் பின்புறத்துக்குக் கொண்டுசென்றனர். 1947-இல் அமெரிக்கரான சைலஸ் குளோன் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் கழுத்துப் பட்டையுடன் கூடிய ‘ஹெட்கியர்’ பரவலாயிற்று. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்தால்தான் அது பயன் தரும் என்பதால், சிகிச்சையின் வெற்றி பதின்வயதுப் பிள்ளையின் ஒத்துழைப்பைச் சார்ந்திருந்தது. இந்தியக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் விளங்கிய, ஆஸ்திரேலியரான ரேமண்ட் பெக் 1950-களில் வகுத்த முறையோ, மெல்லிய கம்பிகளால் முன்பற்களை முதலில் சாய்த்துவிட்டுப் பின்னர் வேர்களை நிமிர்த்துவதன் மூலம் கடைவாய்ப்பல்லின் சுமையைக் குறைக்க முயன்றது.

எலும்பையே பிடிமானமாக்கும் எண்ணம் இதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1945-இல் கெயின்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்ற இருவர் நாய்களின் தாடையில் வைட்டாலியம் என்னும் கலப்புலோகத் திருகுகளைப் பொருத்திப் பார்த்தபோது, 16 முதல் 31 நாட்களுக்குள் அவை அனைத்தும் தளர்ந்து போயின. உலோகத்தை எலும்பு ஏற்குமா என்ற ஐயத்தை, டைட்டானியத்தோடு எலும்பு இறுகப் பிணைவதை 1950-களில் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டின் பிரானமார்க் பெருமளவு நீக்கினார். 1983-இல் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் மூக்கின் அடியிலுள்ள எலும்பில் ஒரு திருகைப் பொருத்தி, மேல் முன்பற்களை 6 மில்லிமீட்டர் மேலே ஏற்றியதாக அறிவித்தனர். முறிந்த தாடையில் தகடு பொருத்தப் பயன்படும் திருகிலிருந்து, 1.2 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட தனித் திருகை ஜப்பானியரான கனோமி உருவாக்கி 1997-இல் வெளியிட்ட பிறகே, பல்வேர்களுக்கு இடையில்கூடப் பொருத்தத்தக்க ‘மினி இம்பிளாண்ட்’ நடைமுறைக்கு வந்தது. தென்கொரியாவின் பார்க் ஹியோ-சாங் முதலியோர் அதைப் பின்னிழுக்கும் சிகிச்சைக்கு முறையாகப் பயன்படுத்தினர்.

திருகு உருவாகிப் பரவிய இக்காலம், கொங்கு நாட்டில் பல் மருத்துவக் கல்வி வேரூன்றிய காலத்தோடு ஒன்றி வந்தது குறிப்பிடத்தக்கது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிப் பின்னர் தனிக் கல்லூரியான அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே நெடுங்காலம் தமிழகத்தின் முதன்மை நிறுவனமாக இருந்தது; 1980-களில் சேலத்திலும் குமாரபாளையத்திலும், 2000-களில் கோவையிலும் சூலூரிலும் திருச்செங்கோட்டிலும் தனியார் கல்லூரிகள் எழுந்தன. ஆகவே இப்பகுதியில் பயின்ற பற்சீரமைப்பு மருத்துவர்களில் பலர், ஹெட்கியர் பின்வாங்கித் திருகு முன்வந்த காலத்தவர். கொங்கின் வடகிழக்கு ஓரமான தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்களைக் கறைபடுத்தியதும், 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அதுவே காரணமானதும் நாடறிந்தவை. கம்பியைத் தாங்கப் பல்லின்மேல் ஒட்டப்படும் ‘பிராக்கெட்’, ஃபுளோரைடு பாதித்த எனாமலில் எளிதில் ஒட்டாது, ஒட்டினாலும் கழன்று விழ வாய்ப்பு அதிகம். எலும்பில் நிற்கும் திருகுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை.

திருகு பிடிமானத்தைத் தந்தாலும் பல் எப்படி நகரும் என்பதைத் தீர்மானிப்பது விசைக்கோடுதான். மண்ணில் பாதி புதைந்த, மாடு கட்டும் முளைக்குச்சியை மேல்முனையில் தள்ளினால் அது சாயுமே தவிர நிமிர்ந்தபடி நகராது; பல்லும் அவ்வாறே. ஒற்றை வேர்ப் பல்லில், எலும்பின் விளிம்பிலிருந்து வேர்நுனி வரையிலான நீளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆழத்தில் ‘தடை மையம்’ அமைந்திருக்கிறது. விசைக்கோடு அதன் வழியே சென்றால் மட்டுமே பல் சாயாமல் முழுமையாக நகரும். பிராக்கெட்டோ பல்லின் வெளித்தெரியும் பகுதியில், அம்மையத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் தொலைவில் ஒட்டப்படுகிறது. அங்கே 200 கிராம் விசை செயல்பட்டால் 2,000 கிராம்-மில்லிமீட்டர் அளவுள்ள திருப்புத்திறன் பிறந்து பல்லைச் சாய்க்கும். மேல்தாடையில் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் திருகைப் பொருத்தி, கோரைப்பல்லுக்கு முன்னால் கம்பியில் பொருத்திய கொக்கியோடு அதை நிக்கல்-டைட்டானியம் சுருள்வில்லால் இணைக்கும்போது, கொக்கி குட்டையாக இருந்தால் முன்பற்களின் முனைகள் உள்ளே சாய்ந்து கடி ஆழமாகிவிடும். கொக்கியை உயர்த்த உயர்த்த விசைக்கோடு தடை மையத்தை நெருங்கும். திருகையே மேலே பொருத்தினால் விசையின் ஒரு கூறு பற்களை மேலேற்றுவதால், ஈறு தெரியச் சிரிப்பவர்களுக்கு அதுவே பயனாகிறது.

வேர்களுக்கு இடையே பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் இடமே இருப்பதால், 1.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகின் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எலும்பே எஞ்சும். ஆகவே எக்ஸ்-ரே பார்த்து, மரப்பூசி போட்டு, கோணம் பிசகாமல் முறுக்குவதில் மருத்துவரின் கைத்திறன் வெளிப்படுகிறது. செயற்கைப் பல்லுக்கான பெரிய இம்பிளாண்டைப் போல எலும்போடு பிணைய மாதக்கணக்கில் காத்திருக்காமல், மரை எலும்பைப் பற்றும் பிடிப்பையே நம்பி உடனே விசை தரப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் திருகைத் திருப்பி எடுத்துவிடலாம். இருப்பினும் 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சராசரியாக 13.5 விழுக்காட்டுத் திருகுகள் தோல்வியுறுவதாகக் கணக்கிட்டது. தைவானின் எரிக் லியூ 2004-இல் காட்டியபடி, உறுதியாக நிற்கும் திருகின் தலையும் சராசரியாக 0.4 மில்லிமீட்டர் முன்னே சாய்கிறது. அசையாப் பிடிமானம் என்று சொல்லப்பட்டதும் சிறிதளவு அசையத்தான் செய்கிறது.

ஹெட்கியர் நோயாளியிடம் கேட்ட ஒழுங்கைத் திருகு மருத்துவரின் கணக்கிடம் கேட்கிறது. கொக்கியின் உயரமும் திருகின் இடமும் தவறினால், பழி சொல்ல அணியாத பட்டை என்று ஒன்று இல்லை. திருகு நகர்வின் திசையையும் எல்லையையும் விரிவாக்கியதே அன்றி வேகத்தைக் கூட்டவில்லை: எலும்பு கரைந்து வளரும் நேரத்தால் கட்டுப்பட்ட பல், இன்றும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது, 7 மில்லிமீட்டர் இடைவெளியை மூட பல மாதங்கள் தேவைப்படுகின்றன.