டிரில்லிலிருந்து ஆட்டத்துக்கு: சென்னை மாகாணப் பள்ளிகளில் குழு விளையாட்டுக் கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் டிரில்தான். அதாவது, வரிசையாக நிறுத்தப்பட்ட மாணவர்கள் ஒருவர் இடும் கட்டளைக்கேற்ப ஒரே நேரத்தில் கை உயர்த்துவதும் திரும்புவதும் அடியெடுத்து நடப்பதுமான படைப்பயிற்சி. அதைக் கற்பித்தவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்; பிற ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளமும் அதைவிடக் குறைந்த மதிப்புமே அவர்களுக்குக் கிடைத்தன. ஹண்டர் தலைமையில் 1882இல் அமைந்த இந்தியக் கல்விக் குழு, டிரில்லோடும் ஜிம்னாஸ்டிக் பயிற்சியோடும் நாட்டு விளையாட்டுகளையும் பள்ளிகள் ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆர்வமும் வசதியும் உள்ள சிலர் மாலையில் ஆடும் பொழுதுபோக்காகவே நீடித்தன. சடுகுடுவும் கிளித்தட்டும் பள்ளிச் சுவருக்கு வெளியே தெருவிலும் ஆற்று மணலிலும் நின்றுவிட்டன. கால அட்டவணைக்குள் விளையாட்டு ஒரு பாடமாக நுழைவதற்கு, கற்பித்தல் முறையோடு சேர்ந்தே பிறந்த ஆட்டங்கள் வரவேண்டியிருந்தது.

அத்தகைய ஆட்டங்கள் கிறிஸ்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் அமெரிக்கப் பயிற்சிக் கூடங்களில் தோன்றின. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளரங்கப் பயிற்சியால் சலித்துப்போன ஒரு வகுப்பைச் சமாளிக்கும் பொறுப்பு 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் வந்தது. அவர் அரங்கின் இருபுறமும் பீச் பழக்கூடைகளைக் கட்டி, 13 விதிகளை எழுதி, கூடைப்பந்தை உருவாக்கினார். வகுப்பில் 18 பேர் இருந்ததால் அணிக்கு 9 பேர் என்று ஆடினர். இருந்தவர்கள் அனைவரும் ஆடவேண்டும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1895இல், அருகிலிருந்த ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன், கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் ஒத்துவராத நடுவயதினருக்காகக் கையுந்துபந்தை அமைத்தார். அந்த ஆட்டத்தை மணிலாவுக்குக் கொண்டுசென்ற எல்வுட் பிரவுன் முதலியோர் ஓர் அணியில் 16 பேர் வரை நிறுத்தி ஆடவைத்தனர். திறமையாளரைப் பொறுக்கி எடுப்பதைவிடக் கூட்டத்தை ஆட்டத்துக்குள் இழுப்பதே அந்தத் தலைமுறை ஆசிரியர்களின் கவலையாக இருந்தது. குழு விளையாட்டுக் கல்வியின் வரலாற்றில் இதுவே முதன்மையாகக் கருதத்தக்க செய்தி.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டே, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு, உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுவே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் பக்தான். இருப்பினும், உலகப் போட்டிக்கு வீரர்களை அழைத்துச் சென்ற பெருமையைவிட, ஊர்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பிய பணியே அவருடைய உண்மையான சாதனை என்று கொள்ள இடமுண்டு. மேலைநாட்டு ஆட்டங்களோடு இந்நாட்டு உடற்பயிற்சிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் அவர் பயிற்சியில் இடம் தந்தார். ஊருக்கு ஊர் மாறிய விதிகளால் எழும் சச்சரவுகளுக்கு முடிவுகட்டும் வகையில் ஆட்டவிதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல், நாடெங்கும் உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாக விளங்கியது. 1943இல் அவர் காலமானபோது, டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில், பயிற்சிச் சான்றிதழும் கழுத்தில் விசிலுமாக உடற்கல்வி ஆசிரியர் என்ற புதிய பணியாளர் பல பள்ளிகளில் நிலைபெற்றிருந்தார்.

அந்த ஆசிரியரின் தொழில் ஆடுகளத்தை வரைவதிலேயே தொடங்குகிறது. கையுந்துபந்துக் களத்தின் ஒவ்வொரு பாதியும் 9 மீட்டர் சதுரம். அதன் மூலைவிட்டம் 12.73 மீட்டர் என்பது உடற்கல்வி ஆசிரியர் எவருக்கும் மனப்பாடம். நடுக்கோட்டின் இரு முனைகளிலும் முளையடித்து, ஒரு முனையிலிருந்து 9 மீட்டரும் மறுமுனையிலிருந்து 12.73 மீட்டரும் நாடாவை இழுத்துப் பிடித்தால், இரண்டும் சந்திக்கும் புள்ளியே களத்தின் மூலை. பிறகு கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போடவேண்டியதுதான். ஒரு வலை, ஒரு பந்து, இரண்டு கம்பங்கள் ஆகியவற்றோடு இச்சிறு இடமும் போதும் என்பதால், கிரிக்கெட்டுக்குரிய மட்டையும் கால்காப்பும் பரந்த மைதானமும் வாங்கவியலாத கிராமப் பள்ளிகளில் கையுந்துபந்து எளிதில் வேரூன்றியது. ஆட்டத்தின் அமைப்பும் கற்பித்தலுக்கு உகந்தது: சர்வீஸ் உரிமை எதிரணியிடமிருந்து கைமாறும்போதெல்லாம் வீரர்கள் கடிகார முள் திசையில் ஓரிடம் நகரவேண்டும் என்ற சுழற்சி விதியால், கூச்ச சுபாவமுள்ள மாணவனும் தன் முறை வந்ததும் சர்வீஸ் போட்டே ஆகவேண்டும். பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் எறிபந்து பெண்கள் பள்ளிகளில் இதேபோலப் பரவியது. கம்பளி நூல் பந்தைக் கொண்டு ஐவர் ஐவராக ஆடும் பூப்பந்து தஞ்சை வட்டாரத்தில் முன்பே செல்வாக்குப் பெற்றிருந்தது.

போட்டிகளை வகுப்பதும் இக்கல்வியின் ஒரு பகுதி. அனைவரையும் ஆடவைக்கும் நோக்கம் தெளிவாக வெளிப்பட்டதும் அங்கேதான். தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்படுகின்றனர். இந்த நான்கு அணிகளுக்குத் தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையில் போட்டி வைத்தால் மூன்றே ஆட்டங்களில் முடிந்துவிடும். இரண்டு அணிகள் ஒரேயொரு ஆட்டத்தோடு ஒதுங்கிவிடும். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் லீக் முறையில் ஆறு ஆட்டங்கள் நடக்கும். கடைசி இடம் பெறும் அணிக்கும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். நாக்-அவுட் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதிகப் பயிற்சி தேவைப்படும் பலவீனமான அணிக்கே குறைவான ஆட்டத்தைத் தருகிறது. ஆகவே பள்ளிக்குள் நடப்பவற்றுக்கு லீக் முறையே பொருத்தமானது.

விடுதலைக்குப் பின் இந்த நோக்கம் மெல்லப் பின்தள்ளப்பட்டது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954இல் அமைந்தபின், மாவட்ட, மாநில, தேசிய நிலைப் போட்டிகள் ஓர் ஏணியாக ஒழுங்குபெற்றன; ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது வேலைவாய்ப்பின் வாயிலாகவும் அமைந்தது என்பதை மறுக்கவியலாது. எனினும், பள்ளியின் பெயரைக் காக்கும் பன்னிரண்டு பேரை ஆண்டு முழுவதும் தயார் செய்யும் பொறுப்பு ஒரே ஆசிரியரின் தலையில் விழும்போது, எஞ்சிய நூற்றுக்கணக்கானோர் வேடிக்கை பார்ப்பவர்களாயினர். பொதுத்தேர்வு நெருங்கும்போது விளையாட்டு பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இதனோடு சேர்ந்துகொண்டது. இது குழந்தைகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்று வெளிப்படையாகவே சொல்லவேண்டும்.

இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 1982இல் வேறொரு கோணத்திலிருந்து இதே குறையைத் தொட்டனர். பந்தை உந்துவது, கடத்துவது போன்ற திறன்களைத் தனித்தனியே பழக்கிவிட்டு ஆட்டத்தைக் கடைசிக்கு ஒதுக்குவதால், மாணவர்கள் அசைவுகளைக் கற்கிறார்களேயன்றி ஆட்டத்தைப் புரிந்துகொள்வதில்லை என்றும், சிறிய களத்தில் குறைந்த ஆட்களோடும் எளிய விதிகளோடும் ஆட்டத்தையே முதலில் தந்து, தேவை எழும்போது திறனைக் கற்பிக்கவேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். தமிழ்க் கிராமத்துச் சிறுவர்கள் கிளித்தட்டு ஆடும் முறை இதற்கு வெகு அருகில் இருக்கிறது: வந்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தே மண்ணில் கோடுகள் கிழிக்கப்படுகின்றன, கோட்டைக் காப்பவரை ஏமாற்றிக் கடக்கும் உத்தியை எவரும் தனியே பாடமெடுப்பதில்லை, ஆள் கூடினால் ஒரு கட்டம் கூடுகிறது.